பருந்து கூப்பிடாது

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் பாப்பாவை மாடிப்படியின் நடுவில் நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். கையில் அப்பாவுக்கான டீ. கீழே அம்மா போனில் பேசுவது காதில் விழுந்தது. "நாளைக்குச் சாயங்காலமே வந்து கூட்டிட்டுப் போங்க மாப்பிள்ளை. இங்க அவளுக்கும் பொழுது போகல."

மேலே போவதா, கீழே போவதா என்று தெரியாமல் பாப்பா நின்றாள். கீழே போய் அம்மாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கட்டும் என்று வாசகிகள் பலர் எழுதியிருக்கிறீர்கள். அவள் அவ்வளவு தைரியசாலியாக இருந்தால் இந்தத் தொடர் ஐந்தாவது வாரமே முடிந்திருக்கும், எனக்கும் பிழைப்புப் போயிருக்கும். அவள் மேலே போனாள். டீயை வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா சொன்ன அந்த 'நாளைக்கு' விடிந்துவிட்டது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வரி. இந்த வீட்டின் மாடியில்தான் 'ஒற்றைப்பருந்து' என்ற வாரச் சித்திரக்கதை பிறக்கிறது. அதை எழுதுபவர், அதன் ஆசிரியர், வாசகர் கடிதங்களுக்குப் பதில் சொல்பவர் எல்லாமே பாப்பாவின் அப்பாதான். கடிதப் பக்கத்தில் 'உங்கள் பெரியப்பா' என்று கையெழுத்துப் போடுவார். அதனால் இரண்டு தலைமுறைப் பிள்ளைகளுக்கு அவர் பெரியப்பா. காய்கறிக் கடைக்காரரும் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவார். இத்தனைக்கும் இரண்டு பேருக்கும் வயது ஒன்று.

படம் வரைபவர் பெரியப்பாவின் சொந்தத் தம்பி. அவரை வெளியே யாருக்கும் தெரியாது. பாப்பாவுக்கு மட்டும் சித்தப்பா.

பருந்து என்ற அந்தக் கதாநாயகனுக்கு ஒரே ஒரு சட்டம். உயிரே போனாலும் அவன் உதவி கேட்க மாட்டான், வாய் திறந்து கத்த மாட்டான். முதல் இதழில் ஏதோ ஒரு கட்டத்தை நிரப்புவதற்காகப் பெரியப்பா எழுதிய வரி அது: 'பருந்து கூப்பிடாது!' பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஊசி போடும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்கள். விழுந்து முட்டி தேய்ந்தால் சொன்னார்கள். பள்ளிக்கூடப் பையிலும் தண்ணீர் பாட்டிலிலும் அந்த வரி ஏறியது.

மற்ற பதிப்பகங்கள் சும்மா இருக்குமா? அவர்களுடைய சிறுத்தையும் அழவில்லை, அவர்களுடைய சூறாவளியும் கெஞ்சவில்லை. ஒரு கட்டத்தில் கடையில் கிளிப் மாட்டித் தொங்கிய எந்தச் சித்திரக்கதையிலும் வாய் திறந்த கதாநாயகனே கிடையாது. ஒற்றை வரியால் ஒரு தொழிலையே வாயடைத்த பெருமை பெரியப்பாவைச் சேரும்.

அவருடைய மகளும் அந்த வீட்டில்தானே வளர்ந்தாள்.

*

காலையிலிருந்து பெரியப்பா ஆப்பசைத்த குரங்கு மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அவர் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்ல வேண்டும் என்றால், அண்ணனும் தம்பியும் வேலை செய்கிற அழகைச் சொல்ல வேண்டும். எழுதி வைத்துக்கொண்டு வரைகிற வழக்கம் அவர்களுக்கு இல்லை. பெரியப்பா நாற்காலியின் மேல் ஏறி நின்று கதையை நடித்துக் காட்டுவார். உதைப்பார், விழுவார், சில சமயம் நிஜமாகவே விழுவார். தம்பி பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தன் மேஜைக்குப் போய் வரைவார். வரைந்த படத்தைப் பார்த்துப் பெரியப்பா வசனம் எழுதுவார். அதைப் படத்தில் வாயருகே வரும் பேச்சுப் பலூனுக்குள் கையால் எழுதுவது, கல்யாணத்துக்கு முன்னால், பாப்பாவின் வேலை. பிறந்த வீட்டுக்கு வந்திருக்கும் இந்த மூன்று வாரமாக மறுபடியும் அவள்தான் எழுதுகிறாள்.

படத்தைப் பார்த்து என்று சொன்னது ஒரு மரியாதைக்கு. பெரியப்பா பார்ப்பது படத்தில் இருக்கிற வெள்ளை இடத்தை. எங்கே பலூன் போடலாம், எத்தனை சொல் கொள்ளும் என்பதுதான் அவர் கணக்கு. முகம், கை, கால், மலை, கடல் எல்லாம் அவருக்குப் பலூனுக்கு இடைஞ்சலாக நிற்கிற சாமான்கள்.

போன இதழுக்கு அவர் நடித்துக் காட்டியபோது பருந்தை இரும்புப் பெட்டிக்குள் தள்ளி, "இடது கையை மட்டும் கட்டாம விட்டுடு தம்பி, அடுத்த வாரம் அதை வச்சுத்தான் வெளிய வரணும்" என்றார். தம்பி தலையாட்டினார். போய், படத்தில் இரண்டு கையையும் சங்கிலியால் கட்டினார். கருவிகள் இருக்கும் கையுறையைக் கழற்றிப் பெட்டிக்கு வெளியே எறிந்தார். மூடியைச் சுற்றி வெல்டிங் வைத்தார். பெட்டியை அணைக்கட்டின் அடியில் இறக்கினார். பெட்டி இருக்கும் இடம் தெரிந்த ஒரே ஆளையும் கடைசிக் கட்டத்தில் கொன்றார்.

பெரியப்பா எதையும் கவனிக்கவில்லை. அடியில் நல்ல வெள்ளை இடம் கிடந்தது. குஷி வந்து எழுதினார்: 'தப்பிக்க வழியே இல்லை! இது கனவும் அல்ல, உள்ளே இருப்பது போலி ஆளும் அல்ல, அதிர்ஷ்டமும் கைகொடுக்காது! இது உங்கள் பெரியப்பாவின் சத்தியம்!'

நுணலும் தன் வாயால் கெடும். அச்சாகிக் கடைக்குப் போன பிறகுதான் படத்தைப் பார்த்தார்.

"ஏண்டா, இடது கையை விடச் சொன்னேன்ல?" என்று இன்று காலையில் பத்தாவது தடவையாகக் கேட்டார்.

தம்பி தூரிகையைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார். "மறந்து போச்சு."

"வெல்டிங் வைக்க மறக்கல?"

"நீதானே 'படைத்தவர்'. வெளிய கொண்டு வா."

அதுதான் விஷயம். சென்ற மாதம் பருந்தின் பழைய கதைகளைத் தொகுத்து அட்டை தடித்த புத்தகமாகப் போட்டார்கள். அட்டையில் 'படைத்தவர்: பெரியப்பா' என்று இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு பெயருக்கு இடம் இருந்தது, பெயர்தான் இல்லை. தம்பி அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லையே.

"புத்தகம் போட்டது முதலாளிடா. என்னைக் கேட்டா போட்டார்?"

"உன்னைக் கேட்கல. நீயும் கேட்கல." தம்பி ஏழு பக்கங்களை மேஜையில் வைத்தார். "இந்த வாரப் பக்கம். எட்டாவது இன்னும் காயல."

ஏழு பக்கமும் பெட்டிக்குள் இருட்டு. நடுவில் ஒரு முகம், அதுவும் பாதி நிழலில். பெரியப்பா புரட்டினார். வெள்ளை இடம் தாராளமாக இருந்தது. எழுதத்தான் ஒன்றும் இல்லை. சாயங்காலம் அச்சகத்திலிருந்து ஆள் வந்து நிற்பான்.

ஜன்னலோரம் உட்கார்ந்து பேனா முனையைத் துடைத்துக்கொண்டிருந்த பாப்பாவுக்கும் அதே சாயங்காலம்தான் கெடு.

*

முதலாளி போன் பண்ணினார். பண்ணாமல் இருப்பாரா?

அவரும் பழைய வாசகர்தான். அரைக்கால் சட்டை போட்ட காலத்தில் கடிதம் எழுதிப் பதில் வாங்கியவர். வளர்ந்து, சம்பாதித்து, நொடித்துப் போக இருந்த பதிப்பகத்தைப் பருந்தோடு சேர்த்து விலைக்கு வாங்கினார். அன்பு என்றால் அப்படி ஓர் அன்பு. பருந்துக்கு வயதாகக் கூடாது, கல்யாணம் ஆகக் கூடாது, சட்டையின் நிறம்கூட மாறக் கூடாது. பெரியப்பா ஒரு தடவை பருந்துக்கு மூக்குக்கண்ணாடி போடலாமா என்று கேட்டதற்கு, முதலாளி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை என்று கேள்வி.

"பெரியப்பா! எப்படி வெளிய வரப் போறான்? இல்ல, சொல்லாதீங்க, சொல்லாதீங்க. நான் கடையில வாங்கித்தான் படிப்பேன்."

"சொல்லலை முதலாளி," என்றார் பெரியப்பா. உண்மையைத்தான் சொன்னார்.

"முதலாளின்னு கூப்பிடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? நேத்து மீட்டிங்ல ஒருத்தன் கேக்கறான், பருந்து இந்தத் தடவை யாரையாவது உதவிக்குக் கூப்பிட்டுத்தானே ஆகணும்னு. வெளிய போடான்னுட்டேன். அந்த ஒரு வரியிலதான் பெரியப்பா மொத்தக் கம்பெனியும் நிக்குது."

போனை வைத்ததும் பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார். பெட்டிக்கு வெளியே வெல்டிங், சத்தியம், முதலாளி. உள்ளே அவர்.

"அப்பா, டீ கொண்டு வரட்டுமா?" என்றாள் பாப்பா.

"வேண்டாம்மா. நீ எப்ப கிளம்பறே?"

"சாயங்காலம்."

"பெட்டியெல்லாம் எடுத்து வச்சாச்சா?"

"அம்மா எடுத்து வச்சுட்டாங்க."

"சரி, சரி," என்று அவர் மறுபடி முதல் பக்கத்தைப் புரட்டினார். அவருடைய கவலையெல்லாம் இரும்புப் பெட்டியில் இருந்தது. பாப்பா ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். எனக்கு அந்த மனிதரை ஓர் உலுக்கு உலுக்கலாம் போல இருந்தது.

*

மத்தியானம் கதவைத் தட்டிக்கொண்டு ஓர் அம்மாள் வந்தாள். முன்பின் தெரியாதவள். தலை வாராமல், வீட்டுச் செருப்போடு வந்திருந்தாள். கையில் போன வாரத்துப் பருந்து சுருட்டியபடி இருந்தது.

கையெழுத்து வாங்க வந்தவள் என்று நினைத்துப் பெரியப்பா பேனாவை எடுத்தார்.

"நீங்கதான் பெரியப்பாவா?"

"ஆமாம்மா, உட்காருங்க. யாருக்கு, பையனுக்கா?"

"பொண்ணுக்கு. ஆஸ்பத்திரியில இருக்கா." அவள் உட்காரவில்லை. "பயப்படாதீங்க, இப்ப நல்லா இருக்கா. நேத்து பீரோவுக்குள்ள போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கிட்டா. பழைய இரும்பு பீரோ. வெளிய தாழ்ப்பாள் விழுந்துடுச்சு."

தம்பி தூரிகையைக் கீழே வைத்தார்.

"தெரு முழுக்கத் தேடினோம். அந்த ரூமுக்குள்ளயே நின்னு நான் அவ பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டேங்க. எனக்கும் அவளுக்கும் நடுவுல ஒரு தகரக் கதவுதான். உள்ளேயிருந்து அவளுக்குக் கேட்டிருக்கு. பதில் சொல்லல." அந்த அம்மாள் சுருட்டிய இதழை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "துணி எடுக்கத் திறந்தப்போ மயங்கிக் கிடந்தா. முழிச்சதும் ஏண்டி வாயத் திறக்கலன்னு கேட்டேன். பருந்து கூப்பிடாதும்மாங்கறா."

ஜன்னலோரம் பாப்பாவின் கையில் இருந்த பேனா ஒரே இடத்தில் நின்று, காகிதத்தில் மை பரவியது. அவள் அதைப் பார்க்கவில்லை.

பெரியப்பா பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, நான் வந்து... அது வெறும் கதைதானே..."

"எனக்குத் தெரியும் கதைன்னு. அவளுக்கு யார் சொல்றது? நான் சண்டை போட வரலீங்க. அவ ஒரு கேள்வி கேட்டு அனுப்பினா." அந்த அம்மாள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "'நான் சரியாத்தானே இருந்தேன்னு பெரியப்பாகிட்ட கேட்டுட்டு வா'ன்னா. நான் போய் என்ன சொல்லட்டும்?"

கடிதப் பக்கத்தில் எத்தனை ஆயிரம் கேள்விகளுக்குத் துடுக்காகப் பதில் சொன்ன மனிதர். அன்றைக்கு ஒரு பதிலும் வரவில்லை.

"பெரியப்பா இந்த வாரம் பதில் சொல்வார்னு சொல்லுங்கம்மா," என்று தம்பிதான் கடைசியில் சொன்னார்.

அவள் இதழைச் சுருட்டியபடியே படியிறங்கிப் போனாள்.

*

பெரியப்பா தானே முதலாளிக்குப் போன் போட்டார்.

"பருந்து இந்த வாரம் கூப்பிடறான்," என்றார் எடுத்த எடுப்பில்.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். பிறகு சிரிப்பு நின்றது. பெரியப்பா பீரோ கதையைச் சொன்னார். முதலாளி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா போனப்போ எனக்குப் பன்னிரண்டு வயசு பெரியப்பா," என்றார் கடைசியில். "வீடே அழுதுச்சு. நான் அழல. மாடிக்குப் போய் உங்க புத்தகத்தை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். இன்னிக்கு வரைக்கும் அழலை. அதைப் பெருமையா நினைச்சுத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கேன். இப்ப வந்து கத்தலாம், கூப்பிடலாம்னு நீங்க எழுதினா, நான் அன்னிக்கு அழாததை என்ன பண்றது?"

பெரியப்பா போனை மறு காதுக்கு மாற்றினார்.

முதலாளியின் குரல் மாறியது. "பருந்து கம்பெனியோடது. அவன் வாயைத் திறந்தா அந்தப் பக்கம் அச்சுக்குப் போகாது. வேற ஆளை வச்சு எழுதிக்குவேன், அப்புறம் உங்க பேரும் இருக்காது. வேண்டாம் பெரியப்பா, என்னை இதைச் செய்ய வைக்காதீங்க. நானே கிளம்பி வர்றேன். பக்கத்தைப் பார்த்துட்டுத்தான் போவேன்."

போனை வைத்துவிட்டுப் பெரியப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். எழுதினால் பருந்து போய்விடும். எழுதாவிட்டால் ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளை, தான் செய்தது சரி என்று நம்பிக்கொண்டே வீட்டுக்குப் போகும்.

தம்பி எழுந்து வந்து எட்டாவது பக்கத்தை அவர் முன்னால் வைத்தார். பக்கம் முழுக்க ஒரே கட்டம். ஒரு முகமும் அதற்குப் பக்கத்தில் பெரிய வெள்ளை இடமும்.

"இவ்வளவு இடம் எதுக்குடா விட்டே?"

"பேசறதுக்கு. அண்ணா, படத்தைப் பாரு."

"பார்த்தேனே."

"இடத்தைப் பார்த்தே. படத்தைப் பாரு. உன் காலில் விழறேன், ஒரு தடவை படத்தைப் பாரு."

தம்பி அப்படி இறைஞ்சிப் பெரியப்பா கேட்டதில்லை. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

பருந்தின் வாய் திறந்திருந்தது. முதல் இதழிலிருந்து ஒரு தடவைகூடத் திறக்காத வாய். அதற்கு மேலே கண்கள். அந்தக் கண்களை அவருக்குத் தெரியும். இடது புருவத்தில் ஒரு சின்ன வெட்டு, முடி முளைக்காத ஒரு கோடு. நாலு வயதில் இதே அறையில் வரைகிற ஸ்டூலிலிருந்து விழுந்தபோது பட்ட வெட்டு அது. அன்றைக்கு ரத்தம் வழிய நின்ற குழந்தை அழவில்லை. 'பருந்து கூப்பிடாதுப்பா' என்றது. இவர் அள்ளி எடுத்து, அந்த வாரக் கடிதப் பக்கத்தில் பெருமையாக எழுதினார்.

முதல் பக்கத்துக்குப் போனார். அதே கண்கள். இரண்டாவது, மூன்றாவது, ஏழாவது வரைக்கும் அதே கண்கள்தான். ஏழு பக்கமாக அவருடைய மகள் இருட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அவர் இடம் தேடிக்கொண்டிருந்தார்.

"என்னடா இது?"

"வந்த அன்னிக்கே அவ முகத்துல பார்த்தேன்," என்றார் தம்பி. "எனக்கு முகம்தானே பிழைப்பு. கேட்கத் தெரியல. வரையத்தான் தெரிஞ்சது."

பெரியப்பா திரும்பினார். "பாப்பா. அங்க என்னம்மா நடக்குது?"

"ஒண்ணுமில்லப்பா."

"பாப்பா."

"ஒண்ணுமில்லன்னு..." பாப்பா பேனாவை வைத்தாள். மறுபடி எடுத்தாள். பிறகு அவர்களைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். "வேலைக்குப் போறப்போ வெளிய பூட்டிட்டுப் போவார்."

"என்னது?"

"முதல்ல மறந்து பூட்டிட்டேன்னார். அப்புறம் தினமும். போனை எடுத்துட்டுப் போயிடுவார். அடிக்கல்லாம் மாட்டார்ப்பா. சிரிச்சுக்கிட்டேதான் பூட்டுவார். இப்ப டிரெய்னிங்னு வெளியூர் போனதாலதான் இங்க கொண்டு வந்து விட்டார்."

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா? அக்கம்பக்கம் யாரும் இல்லையா?"

"இருக்காங்க. சுவத்துக்கு அந்தப் பக்கம் அவங்க டிவி பார்க்கறது கேக்கும். சிரிக்கறது கேக்கும். ஒரு தடவை கத்தியிருந்தா வந்திருப்பாங்க." அவள் இப்போதுதான் அப்பாவைப் பார்த்தாள். "பல தடவை கதவுகிட்ட போய் வாயத் திறந்தேன்ப்பா. எனக்குக் கத்த வரல."

பெரியப்பா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் பெரியப்பாவாக இருந்து, பெற்ற ஒன்றுக்கு அப்பாவாக இல்லாமல் போனோமே என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"நான் எழுதினதாலயாம்மா?"

"பூட்டினது நீங்க இல்லப்பா," என்றாள் பாப்பா. கொஞ்சம் யோசித்தாள். "பூட்டினது அவர்."

கத்த வராமல் போனது யாரால் என்பதை அவள் சொல்லவில்லை. அவருக்குப் புரிந்தது.

எட்டாவது பக்கத்தை எடுத்துக்கொண்டு போய் அவள் மேஜையில் வைத்தார். "எழுதும்மா."

"என்ன எழுத?"

"அந்தக் கதவுகிட்ட நின்னு நீ என்ன கத்தியிருப்பே?"

"முதலாளி..."

"முதலாளியை நான் பார்த்துக்கறேன். பேரு போனா போகட்டும். ஆஸ்பத்திரியில இருக்கற அந்தக் குழந்தைக்கு நான் பதில் சொல்லியாகணும். எழுது."

பாப்பா அந்த வெள்ளை இடத்தைப் பார்த்தாள். பிறகு இருப்பதிலேயே தடித்த முனையைப் பேனாவில் மாட்டி, மையில் தொட்டாள். பலூனின் ஓரம் வரைக்கும் பெரிய பெரிய எழுத்தாக எழுதினாள்.

'யாராவது இருக்கீங்களா? என்னைக் காப்பாத்துங்க!'

ஓர் எழுத்து கோணிக்கொண்டது. திருத்தப் போனாள். "இருக்கட்டும்," என்றார் சித்தப்பா.

கீழே அழைப்பு மணி அடித்தது.

*

"பாப்பா! மாப்பிள்ளை வந்தாச்சு!" அம்மாவின் குரலில் சந்தோஷம் வழிந்தது. பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. "பெட்டி கீழேதான் இருக்கு, நீ வந்தா போதும்!"

பெரியப்பா வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். பாப்பா அவர் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம்ப்பா. நீங்க போய்ப் பேசினா நீங்க சொன்னதா ஆயிடும். நான் போய்ச் சொல்றேன்."

"தனியாவா?"

"நான் கூப்பிட்டா வாங்க. அது போதும்."

"கூப்பிடுவியா?"

பாப்பா பொய் சொல்லவில்லை. "தெரியலப்பா," என்றாள்.

அவள் இறங்கிப் போனாள். மேலே அண்ணனும் தம்பியும் படியின் மேல்முனையில் நின்றார்கள். அங்கிருந்து பார்த்தால் கீழே கூடத்தின் ஒரு மூலைதான் தெரியும். மேஜையில் சாவிக்கொத்தை வைக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்குப் பாப்பாவின் கால் படியில் நின்றுவிட்டது. நேற்று நின்ற அதே படி.

"என்ன பார்த்துக்கிட்டே நிக்கறே? வா," என்றார் மாப்பிள்ளை. நல்ல குரல். யார் கேட்டாலும் நல்ல மனிதர் என்பார்கள். "கிளம்பலாம். நேரமாச்சு."

"நான்..." என்றாள் பாப்பா.

"என்ன?"

"நான் வரல."

அது அவளுக்கே கேட்டிருக்குமா என்பது சந்தேகம். மாப்பிள்ளை சிரித்தார். "என்ன அத்தை, உங்க பொண்ணு விளையாடறா." பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார். மறு கையால் சாவிக்கொத்தை எடுத்து, பெட்டி பிடித்த கையின் விரலில் மாட்டிக்கொண்டார். "வா."

"போயிட்டு வாடி, இங்கதானே இருக்கோம், அடுத்த மாசம் நாங்க வர்றோம்," என்றாள் அம்மா.

பாப்பா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த மாட்டான் என்பார்கள். இவள் எதைத் திருடினாள்?

மேலே பெரியப்பா ஒரு படி இறங்கினார். தம்பி அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். "கூப்பிடட்டும் அண்ணா."

மாப்பிள்ளை இன்னும் சிரித்துக்கொண்டே இரண்டு படி ஏறிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அழுத்தமாக இல்லை. ஒரு பொருளை அதன் இடத்தில் வைப்பதற்காக எடுப்பது போல மென்மையாகத்தான் பிடித்தார்.

"அப்பா!"

அழகான குரல் இல்லை அது. துருப்பிடித்த கீல் மாதிரி, உடைந்து, பிளந்து வந்தது. "அப்பா! சித்தப்பா! வாங்க! யாராவது வாங்க!"

எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. தெருவில் சைக்கிள் ஒன்று பிரேக் போட்டது. அம்மாவின் கையிலிருந்த தம்ளர் கீழே விழுந்து உருண்டது. அண்ணனும் தம்பியும் மாடிப்படி அதிர இறங்கினார்கள். இத்தனை வருடமாக நாற்காலிமேல் நின்று நடித்த ஓட்டம் எதுவும் அந்த ஓட்டத்துக்குப் பக்கத்தில் வராது.

வாசலில் ஒரு கார் வந்து நின்றிருந்தது. கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்த முதலாளி, அந்தக் குரலைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். அவர் முகம் பன்னிரண்டு வயதுப் பையனின் முகம் மாதிரி கோணியது.

மாடியில் பக்கம் விரித்தபடி கிடந்தது. மை இன்னும் காயவில்லை.

பாப்பா நிறுத்தாமல் கத்திக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை அவள் மணிக்கட்டை விட்டுவிட்டார். பெட்டியையும் சாவிக்கொத்தையும்தான் இன்னும் விடவில்லை.